ஏழாம் பீப்பாயும் ஒரு தூக்கு இட்லி மாவும்

ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு பொங்கி வழிந்தால், அதில் எத்தனை கரண்டி துடைத்த துணியோடு போகும், எத்தனை கரண்டி கீழே இருப்பதற்குள் இறங்கும்? நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கன அளவு நடத்துகிற கணக்கு டீச்சர். உருளைக்கும் கூம்புக்கும் கரும்பலகையில் சூத்திரம் எழுதிப் போடுகிறவள். இலங்கை மலைநாட்டிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகப்போகிறது. இந்தக் கணக்குக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.

என்னை அங்கே அனுப்பியவர் அப்பா. தம்பி பிரபு பயோடெக்னாலஜி படித்துவிட்டு, பெங்களூரில் பியர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் நுவரெலியா பக்கம் ஒரு சின்ன பியர் ஆலைக்குப் போனான். அம்மா உறவினர்களிடம் பழச்சாறு கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறாள். முழுப் பொய் இல்லை. பழம் உண்டு, சாறும் உண்டு. அதற்கு அப்புறம் நடப்பதை அம்மா சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவனுக்கு ஓராண்டு ஒப்பந்தம், அது முடிகிற நேரம். "நிரந்தரம் பண்றாங்களான்னு பாரு. இல்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துடு" என்றார் அப்பா. துறையூரில் மாமாவின் மருந்துக்கடையில் ஒரு நாற்காலி அவனுக்காகக் காலியாக இருக்கிறது. பிரபு அந்த நாற்காலியை நினைத்துப் பயந்துதான் முதலில் பெங்களூருக்கே போனான் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அரையாண்டு விடுமுறை வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டே கால் வயது மகள் யாழினியையும், அவளுக்காக இட்லி அரிசி, உளுந்து, இட்லித்தட்டு ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாழினி இட்லி தவிர எதையும் உணவு என்று ஒப்புக்கொள்வதில்லை. கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இட்லித்தட்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாழினியைப் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோல் பெட்டியை மூடினார்.

செவ்வாய்

ரயில் மலையேற ஏற ஜன்னல் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. எதிரே இருந்த சிங்கள அம்மா யாழினியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் என்னமோ கேட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி மொழிபெயர்த்தாள். "இந்தப் புள்ளையோட அம்மா எங்கன்னு கேக்குறாங்க."

நான்தான் என்றேன்.

அந்த அம்மா மறுபடி ஏதோ சொன்னார். மாணவி கொஞ்சம் தயங்கினாள். "அது அவங்களுக்குத் தெரியுமாம். அம்மா பக்கத்துல இருக்கும்போதே காது ஏன் தொறந்து கெடக்குன்னு கேக்குறாங்க."

திருச்சியில் டிசம்பரிலும் மின்விசிறி போடுகிறவர்கள் நாங்கள். குல்லா என்பது எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு வைக்கும் காகிதக் குல்லாதான். அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து யாழினிக்கு மாட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். மாணவி ஹட்டனில் இறங்கிப்போனாள். அதற்கு மேல் நானும் அந்த அம்மாவும் சிரித்தே பேசிக்கொண்டோம். என்னை நல்ல தாய் என்று அவர் நினைத்தாரா என்ற யோசனை மட்டும் நானுஓயா வரும்வரை போகவில்லை.

ஸ்டேஷனில் பிரபு நின்றான். இளைத்திருந்தான். ஆனால் சந்தோஷமாக இருந்தான். அப்பாவிடம் இதில் எதை முதலில் சொல்வது என்று அப்போதே குழம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஆலை இருப்பது டயகம பக்கம், மூடிக் கிடந்த ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள். அதை ஒட்டி ஒரு சின்ன குவார்ட்டர்ஸ், அதுதான் பிரபுவின் வீடு. ஆலைக் கதவில் மூன்று மொழியிலும் ஒரு பலகை தொங்கியது. தயிர், மோர், ஊறுகாய், தோசை மாவு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று போட்டிருந்தது. தமிழ் வரிகள் பிரபுவின் கையெழுத்து.

"நம்ம பாக்டீரியா வேற, வெளிப் பாக்டீரியா வேறக்கா. கலந்துட்டா நாலு மாச வேலை போச்சு" என்றான். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை வாங்கி, குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்தான். தயிர் சாப்பிட்டு எட்டு மாதமாகிறதாம். தயிர் இல்லாமல் பந்தியை விட்டு எழுந்திருக்காதவன் அவன்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும், காய்ந்த மிளகாய் இடித்துச் செய்யும் கட்டச்சம்பலும் வந்தன. கொண்டுவந்தவர் செல்வராணி அக்கா. இருபது வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது ஆலையில் பீப்பாய்களுக்குப் பொறுப்பு. ரொட்டி தடிமனாக, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நான் மூன்று தின்றேன். யாழினி ஒரு துண்டை வாயில் வைத்து, எடுத்து, என் கையில் பத்திரமாகக் கொடுத்தாள்.

மாவு குவார்ட்டர்ஸ் சமையலறையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு பிரபு ஒப்புக்கொள்ள, அரிசியையும் உளுந்தையும் வந்தவுடனே ஊற வைத்திருந்தேன். மிக்ஸியில் அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலந்து வைத்தேன். காலையில் இட்லி என்று யாழினிக்கு வாக்குக் கொடுத்தேன்.

புதன்

மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு குமிழி இல்லை. திருச்சியில் ஐந்து மணி நேரத்தில் புளித்து, ஆறாவது மணி நேரத்தில் சமையலறைத் தரைக்கு வந்துவிடும் மாவு இது. அங்கே எங்கள் கவலையெல்லாம் புளிக்காமல் எப்படித் தடுப்பது என்பதுதான்.

"இந்தக் குளிருக்கு வராதுங்க தங்கச்சி" என்றார் செல்வராணி அக்கா. "அதான் நாங்க காலையில ரொட்டி சுட்டுக்குறோம். தோசைன்னா அப்பச்சோடா போட்டுத்தான்."

குழந்தைக்குச் சோடா உப்பா? கணவருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் கூகுளைக் கேட்டார், நானும் கேட்டேன். இருவருக்கும் வேறு வேறு பதில் கிடைத்தது. வேண்டாம், காத்திருப்போம் என்று முடிவு செய்தேன். யாழினி பிஸ்கட் தின்றாள்.

ஏழு மணிக்கு ஆலையில் பெரட்டு. தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்கிறார்கள். இங்கே வேலை செய்கிறவர்கள் மொத்தம் நான்கு பேர். அதனால் செல்வராணி அக்கா பெரட்டு எடுப்பது பீப்பாய்களுக்கு. கையில் சாக்கட்டியோடு பன்னிரண்டு பீப்பாய்களின் முன்னாலும் நின்று நம்பர் சொல்கிறார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் தட்டிக் காதை வைக்கிறார். நன்றாக இருந்தால் ஒரு கோடு, சந்தேகமாக இருந்தால் அரைக்கோடு.

"ஏழு?" என்று அவரே கேட்டு, "ஏழு சொகமில்ல, வார்டுல இருக்கு" என்று அவரே பதில் சொன்னார்.

எல்லாம் ஒரு காலத்தில் சாராயம் இருந்த மரப்பீப்பாய்கள். சாராயம் என்றதும் பயந்துவிட வேண்டாம். தென்னங்கள்ளில் வடித்து லேபிள் ஒட்டிக் கடையில் விற்பதற்கும் இங்கே அதுதான் பெயர். அந்தப் பீப்பாயில் பியரை ஊற்றி, உள்ளூர்ப் பழத்தையும் மசாலாவையும் போட்டு, மாதக்கணக்கில் கிடத்திப் புளிக்கவிடுகிறார்கள். ஒன்றில் பேரிக்காயும் ஏலக்காயும். இன்னொன்றில் ஸ்ட்ராபெரியும் மிளகும். ஏழில் மரத்தக்காளியும், நாம் பட்டை என்று சொல்லும் கறுவாவும். எங்கள் வீட்டில் புளித்துப்போனால் கொட்டுவோம். இங்கே புளிக்கவில்லையென்றால் கொட்டுகிறார்கள்.

ஏழு புளிக்கவில்லை. அதுதான் பிரபுவின் பிரச்சினை. மற்ற பதினொன்றும் அவனுக்கு முன்னால் இருந்தவர் தொடங்கியவை. ஏழு மட்டும் முழுக்க இவனுடையது. சனிக்கிழமை கொழும்பிலிருந்து முதலாளி வந்து அதைச் சுவைத்துப் பார்த்து, இவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

ஆகவே ஏழைத் தனியாக ஒரு சின்ன அறையில் ஹீட்டர் போட்டுப் படுக்க வைத்திருந்தான். பீப்பாயின் மேல்வயிற்றில் ஒரு ரப்பர் அடைப்பு, அதில் ஒரு வளைந்த குழாய், குழாய்க்குள் இரண்டு விரற்கடைத் தண்ணீர். உள்ளே உண்டாகும் காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழி விட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வராது.

"ரூம் திடீர்னு குளிர்ந்தா மட்டும் பீப்பா மூச்ச உள்ள இழுக்கும்க்கா. அப்ப குழாய்ல இருக்கறதும் சேர்ந்து உள்ள போயிடும். கரண்ட் கட்டானா எனக்குத் தூக்கமே வராது" என்றான் பிரபு. நான் சும்மா தலையாட்டினேன். யாழினிக்கு அடுத்த வேளைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன்

மாவு அப்படியே இருந்தது.

மரத்தக்காளி வாங்க நுவரெலியா சந்தைக்கு செல்வராணி அக்காவோடு போனேன். தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும், கேரட்டும், இங்கே கோவா என்கிற முட்டைக்கோஸும் மலைமலையாகக் குவிந்திருந்தன. ஒரு கடைக்காரர் யாழினிக்கு ஒரு ஸ்ட்ராபெரி கொடுத்தார். அவள் அதை வாங்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள். உணவாகக் கருதவில்லை.

திரும்பும்போது எங்கள் ஆட்டோ ஒரு லீக்ஸ் லாரிக்குப் பின்னால், பனிமூட்டத்துக்குள், ஏற்றத்தில் நின்றுவிட்டது. டிரைவர் ஜோசப் இறங்கி இன்ஜினைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நானும் செல்வராணி அக்காவும் தள்ளினோம். யாழினி மரத்தக்காளி மூட்டைமேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். தள்ளிக்கொண்டே மூச்சு வாங்க நான் கேட்டேன், இங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் இந்தப் பியரைக் குடிப்பதுண்டா என்று.

செல்வராணி அக்கா நின்றேவிட்டார். ஆட்டோ ஒரு அடி பின்னால் வந்தது.

"எங்க வீட்டு ஆளுக்கு ஒரு தடவ ஒரு போத்தல் கொண்டாந்து குடுத்தேன். கெட்டுப்போன பியர குடுத்து என்னைய கொல்லப் பாக்குறியான்னு ரெண்டு நாளு பேசல. எங்க லயத்துல ஒருத்தனும் தொட மாட்டான். வேற எந்தத் தண்ணியா இருந்தாலும் நான் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன் தங்கச்சி. இங்க மனசு நிம்மதியா இருக்கு."

ஜோசப் முன்னாலிருந்து, "நானும் குடிச்சேன். நல்ல சாமான்தான். கறிக்கு புளிக்குப் பதிலா ஊத்தலாம்" என்றார்.

ஆலைக்கு வரும்போது மணி நான்கு. யாழினி மூன்று நாளாகப் பிஸ்கட், வாழைப்பழம், இரண்டு வாய் சோறு. தொப்பிக்குக் கீழே முகம் சின்னதாகிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. அப்பா மகனைப் பார்த்துவரத்தான் அனுப்பினார். பேத்தியை இளைக்கவைத்துக் கூட்டிவரச் சொல்லவில்லை. சமையலறையில் மாவுத் தூக்கைத் திறந்து பார்த்து அழுதுவிட்டேன். வெளியே வந்தால் செல்வராணி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"குடுங்க இங்க" என்றார். "வார்டுல வைப்போம்."

பலகையைச் சொன்னேன். பிரபுவைச் சொன்னேன். பாக்டீரியாவைச் சொன்னேன்.

"மூடித்தான வைக்கப் போறோம். பீப்பாக்கு ஹீட்டர் போடுறாங்க, புள்ளைக்குப் போடக் கூடாதா? விடியக் காலையில தம்பி எந்திரிக்க முன்ன நான் எடுத்துருவேன்."

சாவி அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்குக் குறைந்தது ஒரு நிமிடம் அவகாசம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் செய்தது என்னவென்றால், இன்னொரு பாத்திரத்தில் தனியாக வைத்திருந்த மாவையும் அந்தத் தூக்கிலேயே ஊற்றி நிரப்பியதுதான். பொங்க இடம் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு நாளாக அசையாமல் கிடந்த மாவைப் பார்த்துப் பார்த்து, அது பொங்கும் என்ற நம்பிக்கையே போய்விட்டது.

ஏழாம் பீப்பாய்க்கு நேர் மேலே ஒரு மர ஷெல்ஃப் இருந்தது. சூடு மேலேதான் நிற்கும் என்று தூக்கை அங்கே வைத்தோம். அறிவியல்படி அது சரி.

வெள்ளி

ஆறரை மணிக்குச் செல்வராணி அக்கா சமையலறை ஜன்னலைத் தட்டினார்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. மாவு வேலைக்கு வந்துருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அளவுக்கு மேலயே வந்துருச்சு."

தூக்கின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஷெல்ஃபிலிருந்து மாவு நிதானமாக இறங்கி, ஏழாம் பீப்பாயின் மேல் வெள்ளைச் சால்வை போர்த்தியதுபோல் கிடந்தது. அறை முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறை வாசம். அந்த வாசத்தில் ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் அடைப்பைப் பார்த்தேன். வளைந்த குழாயின் மேல்மூடிமேலும் மாவு இறங்கியிருந்தது. குழாய்க்குள் இருந்த தண்ணீர் வெள்ளையாக இருந்தது. இரண்டு விரற்கடை இருந்த தண்ணீர் ஒன்றுகூட இல்லை.

"ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லைங்க" என்றார் செல்வராணி அக்கா.

இருவரும் துடைத்தோம். ஈரத்துணி, காய்ந்த துணி, மறுபடி ஈரத்துணி. குழாயைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினார். துணிகளை நான் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். ஏழு மணிக்குப் பெரட்டு நடந்தது. "ஏழு?" என்றார் அக்கா. யாரையும் பார்க்காமல், "வார்டுல" என்றார். கோடு போடவில்லை.

மிச்ச மாவில் இட்லி ஊற்றினேன். அவ்வளவு பூவான இட்லி என் கையால் அதற்கு முன் வந்ததில்லை. யாழினி நான்கு தின்றாள். பிரபு மணத்தைப் பிடித்துக்கொண்டு ஆலையிலிருந்தே வந்துவிட்டான்.

"இந்தக் குளிர்ல எப்படிக்கா புளிச்சுது?"

"வெயில்ல வெச்சேன்" என்றேன்.

நான் வந்ததிலிருந்து வெயில் அடிக்கவே இல்லை. நொதித்தலில் பட்டம் வாங்கியவன், அதை வைத்தே சம்பளம் வாங்குகிறவன், ஜன்னலுக்கு வெளியே பனியை ஒரு தடவை பார்த்தான். ஆனால் அப்போது ஒன்பதாவது இட்லியில் இருந்தான். மேலே கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஏழைச் சோதித்தான். பீப்பாயின் முகத்தில் ஓர் எஃகு ஆணி அடித்திருக்கிறார்கள். குறடால் அதை இழுத்தால் நூல்போல் பியர் பீய்ச்சும். ஒரு வாய் பிடித்துக்கொண்டு ஆணியை மறுபடி செருகிவிடலாம். பிரபு ஒரு வாய் குடித்தான். மறுபடி ஆணியை இழுத்து இன்னொரு வாய் குடித்தான். பிறகு பீப்பாயின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏழு என்னமோ மாறியிருக்குக்கா. நேத்து இப்படி இல்ல."

"நல்லதா கெட்டதா?"

"தெரியல. எனக்குத் தெரியாத ஒண்ணு உள்ள இருக்கு. கரண்ட் கட்டுல எதையோ உள்ள இழுத்திருக்கு." ஆணியின் தலையை விரலால் அழுத்திப் பார்த்தான். "துறையூர்ல அந்தச் சேர் சுத்துமாக்கா, சும்மா நிக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் செல்வராணி அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. கதவின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. சொன்னால் முதலில் போவது அந்தச் சாவிதான். வாயை மூடிக்கொண்டேன். "சுத்தும்னு நெனைக்கிறேன்" என்றேன்.

சனி

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். உயரமானவர், பெரிய ரப்பர் பூட்ஸ். பிரபுவோடு ஆங்கிலம், செல்வராணி அக்காவோடு சிங்களம், யாழினியோடு கொஞ்சம் தமிழ். பிரபு ஐந்தாம் பீப்பாயைக் காட்டப் பார்த்தான், எட்டைக் காட்டப் பார்த்தான். அவர் நேராக அந்தச் சின்ன அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். மாவு வாசம் போயிருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குக் குளியல் சோப்பிலும் இட்லி மாவு வாசம்தான் வந்தது.

ஆணியை இழுத்தார்கள். முதலாளி கிளாஸைச் சுற்றினார், முகர்ந்தார், நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "விடிகாலையில் ஆப்பக்கடை வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது."

செல்வராணி அக்கா தரையைப் பெருக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பெருக்கிய தரை.

பிரபு முகம் வெளுத்து, அது இயற்கையான ஈஸ்ட் தரும் மணம், நீண்ட நாள் மரத்தில் இருந்தால் வருவது என்று என்னென்னமோ சொன்னான். முதலாளி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். புளிப்பு உருண்டையாக இருக்கிறது, எங்கும் குத்தவில்லை, கறுவா கடைசியில் வந்து நிற்கிறது என்றார். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்.

என் வாழ்க்கையில் நான் பியர் குடித்ததில்லை. அப்பா, மாமியார், பள்ளித் தலைமையாசிரியர் மூவரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வாய் குடித்தேன். மாங்காயைக் கடித்ததுபோல் தாடை கூசியது, பிறகு பழ வாசம், பிறகு நனைந்த மரம், பிறகு பட்டை. மாவு இருந்ததா? இருந்ததுபோலவும் இருந்தது. என் குற்றவுணர்ச்சியாகவும் இருக்கலாம். குற்றவுணர்ச்சியின் ருசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கிளாஸை முடித்துவிட்டேன், அது ஏன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

முதலாளி முடிவைச் சொன்னார். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன், ஊரெல்லாம் ஆட்கள். அதற்கு இதே மாதிரி ஆறு பீப்பாய் வேண்டும். அச்சாக இதே மாதிரி. வந்துவிட்டால் வேலை நிரந்தரம். வரவில்லையென்றால் ஏழு ஒரு தற்செயல், அதற்காக ஒருவருக்கு நிரந்தர வேலை தர முடியாது.

பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அவன் கை வேர்த்திருந்தது. என் கையும்தான்.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

நானுஓயாவில் ரயில் ஏறும்போது செல்வராணி அக்கா ஒரு பொட்டலம் தேயிலைத்தூளும், யாழினிக்கு ரொட்டியும் கொடுத்தார். யாழினி அந்த ரொட்டியைக் கேட்டு வாங்கி ரயிலில் முழுசாகத் தின்றாள். ஐந்து நாள் முன்னால் இதைத் தின்றிருந்தால் நான் இப்படி எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அப்பாவிடம் ஏப்ரல் வரை பொறுங்கள் என்றேன். நல்ல வேலைதானே என்று கேட்டார். சுத்தமான வேலை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

இப்போது பிரபு வாரம் ஒரு தடவை போன் செய்கிறான். புது பீப்பாய்கள் ஏழைப்போல் வரவில்லை. மரத்தக்காளி அதே தோட்டத்திலிருந்து வாங்குகிறான், கறுவா அதே கட்டிலிருந்து போடுகிறான். காரணம் கரண்ட் கட்டுதான் என்று இப்போது தீர்மானித்திருக்கிறான். தினம் இரண்டு மணி நேரம் ஹீட்டரை அவனே அணைத்துவிட்டுப் பக்கத்தில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வாரம் என்ன நடந்தது என்று நிமிடம் நிமிடமாக எழுதி வைத்திருக்கிறான். நான் வந்தது அதில் இருக்கிறதாம். இட்லி சாப்பிட்டதுகூட இருக்கிறதாம். எத்தனை என்பது உட்பட.

செல்வராணி அக்காவும் ஒரு தடவை பேசினார். "நீங்க சொன்னா நானும் ஆமான்னு சொல்லிருவேன் தங்கச்சி. நீங்க சொல்லலன்னா எங்கிட்ட இருந்து வராது. ஆனா தம்பிக்குச் சளி புடிச்சிருக்கு, அத மட்டும் சொல்லிட்டேன்."

நான் படித்தவள், கணக்குத் தெரிந்தவள். அவனுடைய பழைய பாடப்புத்தகத்தை வீட்டில் எடுத்து வாசித்தேன். இருநூறு லிட்டர் பீப்பாய்க்குள் ஒரு கரண்டி மாவு போய், ஒன்றரை நாளில் எதையும் மாற்ற முடியாது என்று ஒரு பக்கத்தில் தோன்றுகிறது. அடுத்த பக்கத்தில் முடியும் என்று தோன்றுகிறது. மாற்றவில்லையென்றால், ஒன்றுமே செய்யாத ஒரு மாவுக்காகச் செல்வராணி அக்காவின் வேலையைப் பறித்து, தம்பி தன் திறமையால் செய்ததையும் அவனிடமிருந்து பிடுங்கியவளாவேன். மாற்றியிருந்தால், அவன் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் நான் சொல்லாததால்தான்.

போன வாரம் அவன் சொன்னான்: "நீ இருந்தப்பதான்க்கா நல்லா வந்துச்சு. உன் ராசி. மார்ச் கடைசியில யாழினியக் கூட்டிட்டு இன்னொரு தடவ வந்துட்டுப் போயேன்." டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். கணவர் போய்வா என்கிறார். அப்பா, இந்தத் தடவை நிச்சயமாகக் கூட்டி வந்துவிடு என்கிறார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களில் நுண்ணுயிரியல் படித்தவர்கள் இருக்கலாம், தம்பி உள்ள அக்காமார்கள் இருக்கலாம், செய்த தப்பு நல்லதாக முடிந்து மாட்டிக்கொண்டவர்களும் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, பலகையில் தோசை மாவு என்ற வரியை அவன் கையாலேயே அழிக்கச் சொல்வதா? அல்லது போய் இறங்கி, முன்போலவே தூக்கை அந்த ஷெல்ஃபில் வைத்துவிட்டு, ராசி என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா? பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடக்கிறது. யாழினியின் துணிகள், தொப்பி, இட்லித்தட்டு எல்லாம் உள்ளே போய்விட்டன. உளுந்துப் பை மட்டும் நான்கு நாளாகப் பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. வைக்கட்டுமா, வேண்டாமா? வைப்பதென்றால் எவ்வளவு?